ஒன்பது நாள் நாங்கள் கும்பிட்ட கிரேக்கர்கள்

என் மனைவியின் தம்பி அருள்தான் குற்றவாளி. இதைப் பன்னிரண்டு வருடமாகச் சொல்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ மட்டும் சுத்தமா என்று கேட்பீர்கள். இல்லை. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. கடல் கடந்து வந்து தோர்ண்டன் ஹீத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை என்று நம்பினேன். (பஸ் ஓட்டுகிறவனோடு யாரும் வாதாடுவதில்லை. அதனால் வந்த வியாதி.)

எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலில் அப்போஸ்தலர்களான இராயப்பர், சின்னப்பர் திருவிழா வந்தது. திருவிழாக் குழுவின் பழைய தலைவர் அந்த வருடத்தோடு விலகுகிறார். ஒழுங்காக நடத்தி முடித்தால் அடுத்த தலைவர் நான்தான் என்று பேச்சு. பரலோகத்தைவிடத் தலைவர் உட்காரும் அந்தக் கதிரைதான் எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டது.

வருடாவருடம் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரே பழைய கலண்டர் படம்தான். நான் ஆட்சிக்கு வருகிறவன் அல்லவா, பிரமாண்டமாக ஒன்று வேண்டும். இணையத்தில் தேடினேன். மறுமலர்ச்சிக் கால இத்தாலிய ஓவியம் ஒன்று அகப்பட்டது. பெரிய வளைவு மண்டபம், படிக்கட்டு, தாடியும் அங்கியுமாக ஒரு பெருங்கூட்டம். நடுவில் இருவர், கையில் புத்தகத்தோடு. ஒருவர் விரலை வானத்துக்கு நீட்டுகிறார். மற்றவர் கையைக் கீழே பார்த்து விரிக்கிறார். பாப்பரசரின் மாளிகைச் சுவரில் உள்ளது என்று போட்டிருந்தது. அதற்குமேல் ஒரு வரி நான் வாசிக்கவில்லை. பாப்பரசர் வீட்டுச் சுவரில் வேறு யார் நிற்கப்போகிறார்கள்?

ஒரு ஆள் உயரத்துக்குப் பனர் அச்சடித்து மாட்டினோம். படத்தின் மேலே மாடத்தில் துணியில்லாத சிலை ஒன்று இருந்தது. அங்கேயே எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். நான் அதன்மேல் பூமாலையைத் தொங்கவிட்டேன்.

அருள் வந்தான். நகரத்தில் ஒரு பெரிய ஓவியக்கூடத்தில் அவன் காவலாள். நாள் முழுக்கப் பழைய படங்களுக்கு முன்னால் நிற்பான், வழிகாட்டிகள் சொல்லுவதெல்லாம் காதில் விழும். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நிற்கிற வேலை செய்கிறவனிடம் உட்கார்ந்து ஓட்டுகிறவன் கேட்பதா?

"அத்தான், இதில நிக்கிறது ஆர் எண்டு தெரியுமோ?"

"நீ கதிரையை அடுக்கு. படத்தை நான் பாக்கிறன்."

"சரி அத்தான்."

அந்தச் "சரி அத்தான்" தான் குற்றம்.

ஒன்பது நாள் நவநாள். மைக்கைப் பிடித்து நானே விளக்கம் சொன்னேன். விரல் நீட்டுகிறவர் இராயப்பர். மற்றவர் சின்னப்பர். கீழே எழுதிக்கொண்டிருக்கிறவர்கள் சுவிசேஷகர்கள். படியில் அரைகுறை உடுப்போடு சரிந்து கிடப்பவர், கோயில் வாசலில் இராயப்பர் எழுப்பி நடக்கவைத்த முடவர். சனம் வரிசையில் வந்து தொட்டு, கையை உதட்டில் வைத்து முத்தி செய்தது. பிலோமினா அக்கா தினமும் முடவரின் முழங்காலைத் தொட்டுத் தன் முழங்காலைத் தொடுவார்.

"தம்பி, கொஞ்சம் சுகம் போலக் கிடக்கு" என்றார் ஆறாம் நாள். ஒன்பதாம் நாள் முடவரின் முழங்காலில் மை இல்லை.

திருவிழாவன்று பிரசங்கம் வைக்க, ரோமில் படித்த யாழ்ப்பாணத்துச் சுவாமி ஒருவர் வந்தார். பனருக்கு முன்னால் நின்றார். மெழுகுதிரிகளைப் பார்த்தார்.

"இதை ஆர் வைச்சது?"

நான் சட்டையை இழுத்துவிட்டு முன்னால் போனேன். பாராட்டு என்று நினைத்தேன். மைக் திறந்திருந்தது.

"இவை எல்லாரும் கிரேக்கத் தத்துவவாதிகள். ஓரத்தில ஓவியர் தன்னையும் கீறி வைச்சிருக்கிறார். இவ்வளவு பேருக்குள்ள ஞானஸ்நானம் எடுத்தவர் அநேகமா அவர்தான்."

"பாப்பரசற்ற சுவர் சுவாமி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மைக்குக்குக் கேட்டது.

"ஓம். அதே அறையில எதிர்ச் சுவரில பீடமும் புனிதர்மாரும் இருக்கினம். நம்பிக்கை ஒரு பக்கம், அறிவு ஒரு பக்கம். பாப்பரசர் ரெண்டையும் வைச்சவர்தான். ஆனா இவைக்கு ஒருத்தரும் மெழுகுதிரி கொளுத்தேல்லை."

"அப்ப என்ர முழங்கால்?" என்றார் பிலோமினா அக்கா.

கோயில் முழுக்கச் சிரித்தது. முதலில் சிரித்தது என் மனைவி.

வெளியே அருளைப் பிடித்தேன். "தெரிஞ்சும் ஏன்டா சொல்லேல்லை?"

"கதிரை அடுக்கச் சொன்னனீங்கள். அடுக்கினனான். அந்தக் காலத்து ஓவியர் அப்போஸ்தலருக்கும் தத்துவக்காரருக்கும் ஒரே தாடிதான் கீறுவினம், அத்தான். தலையில ஒளிவட்டம் இருக்கோ எண்டு பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. தலைவர் கதிரை வேறொருவருக்குப் போனது. எனக்குப் பளபளக்கும் மஞ்சள் மேற்சட்டை ஒன்று கிடைத்தது. இன்றுவரை திருவிழாவுக்குக் கார் நிறுத்த இடம் காட்டுவது நான்தான். ஒரு கையை உயர்த்தி மறுகையைக் கீழே காட்டுவேன். என் பிள்ளைகள் அதைப் படம் பிடித்து, "அப்பா இராயப்பரும் சின்னப்பரும் ஒண்டா நிக்கிறார்" என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்புகிறார்கள்.

சரி, அது என் தண்டனை. அருளின் கணக்கு இன்னும் தீரவில்லை. டிரைவிங் டெஸ்டில் நாலு தரம் விழுந்தவன் அவன். அந்த ஒன்பது நாளும் அதே பனருக்கு முன்னால் முழங்காலில் நின்றான். நான் கண்ணால் பார்த்தேன். அடுத்த கிழமை ஐந்தாம் தரம் பாஸ்.

இந்த வருடத் திருவிழாவில், அதே மைக்கில், சனத்துக்கு முன்னால் அவன் பதில் சொல்ல வேண்டும். அருள், படத்தில் நின்றவர்கள் யாரென்று எங்கள் எல்லோரிலும் உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நீ யாரிடமடா கேட்டாய்?