சித்தியின் சைவமும் கடல் பஞ்சும்

படித்ததை உடனே யாரிடமாவது கொட்டாவிட்டால் அப்போதெல்லாம் எனக்குத் தலை வெடித்துவிடும். நோயாளியின் கட்டிலருகே உட்காரவைக்கக் கூடாத ஆள் நான். உட்காரவைத்தார்கள்.

சித்திக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டு மருந்துகள் கைவிட்டுவிட்டன. மூன்றாவதும் கேட்காவிட்டால் கஷ்டம் என்று கேம்ப் பகுதி ஆஸ்பத்திரி டாக்டர் சித்தப்பாவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். தாபோடி வீட்டிலிருந்து ஆட்டோவில் வரும் வழியெல்லாம் சித்தப்பா வாயே திறக்கவில்லை. (கல்யாணத்தன்றே திறக்கவில்லை என்பாள் அம்மா.)

"மாவ்ஷி, ஹாத் த்யா" என்று மராத்தியில் கையைக் கேட்டபடி நர்ஸ் ஊசியோடு வந்தாள். சித்தி கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தைரியம் சொல்ல வேண்டாமா? கடல் உயிர்களை ஆராயும் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மேதாவி அல்லவா!

"பயப்படாதீங்க சித்தி. இந்த மருந்தை முதல்ல கடல் பஞ்சுலதான் கண்டுபிடிச்சாங்க. கடலடிப் பாறையில இருக்கும்."

"பாசி மாதிரியாட்டி?"

ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"இல்ல சித்தி, அது பிராணி!" என்றேன், முகமெல்லாம் பெருமையாக.

சித்தி கையை வெடுக்கென்று இழுத்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள். "ஏட்டி, பேக்கரி வாசலக் கடக்கையில முட்ட வாடைக்கே மூக்கப் பொத்துதவ நான். எனக்கா பிராணிய ஏத்தப் போறீய? வேண்டாம். வீட்டுக்குப் போவோம்."

"ஐயோ, இப்ப ஃபேக்டரியில ரசாயனத்துலயே செய்றாங்க சித்தி! ஒரு பஞ்சும் சாகல!"

"மொதல்ல பிராணிங்குத, இப்ப இல்லங்குத. பொய் சொல்லுத."

"க்யா ஹுவா?" என்றாள் நர்ஸ். என் ஹிந்தியில் நான் விளக்கிய லட்சணத்தில், அவளும் மருந்துப் பையைச் சந்தேகமாகப் பார்த்தாள். சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்களில் தண்ணீர். என் வாய்க்கொழுப்பால் ஓர் உயிர் போகப்போகிறது!

சித்தி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், "அதுக்கு வலிக்குமா?"

"மூளையே கிடையாது சித்தி. நரம்பு, வயிறு ஒண்ணும் இல்ல. ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு ஆயுசு பூரா தண்ணிய வடிகட்டும்."

"பேசாது, நகராது?"

"ம்ஹூம்."

"அப்படி ஒண்ணத்தானே இத்தன வருஷமா கட்டி மேய்க்கேன்" என்று சித்தப்பாவைக் காட்டிவிட்டு, சித்தி கையை நீட்டினாள். "ஏத்தச் சொல்லு."

சித்தப்பா அழுதுகொண்டே சிரித்தார். அன்றுமுதல் வீட்டில் அவருக்குப் பெயர் 'பஞ்சு'.

அந்த மருந்து சித்திக்கு ஒரு தீபாவளியையும் பேரன் முகத்தையும் கொடுத்தது. அதற்குமேல் அதனாலும் முடியவில்லை.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் சித்தப்பாதான் இந்தக் கதையைச் சொல்கிறார், சித்தியின் குரலிலேயே. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். கையை நீட்டும் இடம் வந்ததும், நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிடுவார். மிச்சத்தை நாங்கள்தான் சொல்லி முடிக்கிறோம்.