முகமூடிகளுக்குப் பாடம் எடுத்த வாத்தியார்

வாத்தியாரைப் போலக் கண்டிப்பான ஆசிரியர் சிட்னியில் இருந்ததேயில்லை. அவருக்கு ஒரு மாணவர்கூட இல்லை என்பது வேறு விஷயம்.

எழுபதுகளில், மெரிலேண்ட்ஸில் எங்கள் பின்வளவுக் கராஜில் வாடகைக்கு இருந்த வெல்டர் அவர். தொழிற்கல்லூரியில் வெல்டிங் படிப்பிக்க ஆசை. தொழில் சான்றிதழ் இருந்தது. பட்டறை அனுபவமும் தேவைக்கு மேலேயே இருந்தது. மிச்சம், தேர்வாளர்கள் முன்னால் மாதிரிப் பாடம் ஒன்று நடத்திக் காட்டவேண்டும். முதல் தடவை, மூன்று முகங்களைக் கண்டதும் வாய் திறக்கவில்லை.

"இன்னும் ஒருக்காத்தான் விடுவினம் அண்ணை. அதுவும் போனால் முடிஞ்சுது," என்றார் என்னிடம்.

ஆகவே பயிற்சி. வகுப்பறைபோல் வரிசையாகப் போட்ட பழைய கதிரைகளில் வீடு கூட்டும் தும்புத்தடிகளைக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வெல்டிங் முகமூடியை மாட்டினார். அந்தியில் எட்டிப் பார்த்தால் வரிசையாகக் கறுத்த முகங்கள். கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடித் துண்டு.

"பின்னாலை என்ன கதை?" என்று அதட்டுவார். பதிலுக்குக் காத்து நிற்பார். பிறகு, "சரி, இரு." அந்த இடைவெளியில்தான் எனக்கு முதுகு சில்லிடும்.

"ஆரோட கதைக்கிறியள் வாத்தியார்?"

"பொடியளோடைதான். ஒருத்தனும் கேள்வி கேக்கிறானில்லை."

வெல்டிங் கம்பியில் பொறி எழுப்பும் முன் "கண்!" என்று கத்துவார். எல்லா முகமூடியும் சரியாக மூடியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். தும்புத்தடிக்குக் கண் கெட்டுவிடுமாம்!

தேர்வுக்கு முதல்நாள் மாலை என் ஐந்து வயது மகளைக் காணவில்லை. வீடு, வேலி, தெரு எல்லாம் ஓடித் தேடிவிட்டுக் கராஜ் கதவைத் தள்ளினேன்.

"வாத்தியார், பிள்ளை இங்கை வந்தவளோ?"

நடுவில் ஒரு முகமூடி மெல்ல என் பக்கம் திரும்பியது.

நான் போட்ட சத்தத்தில் அயல்வீட்டு நாய் குரைத்தது.

"ஷ்ஷ், அப்பா! கிளாஸ் நடக்குது."

"புதுசா ஒராள் முகமூடியில்லாமல் இருந்தது. மாட்டிவிட்டனான்," என்றார் வாத்தியார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "கேள்வி கேட்டது அண்ணை! பதிலும் சொன்னனான். நாக்கு ஒட்டேல்லை!"

மறுநாள் தேர்வாளர்கள் மூவருக்கும் முகமூடி மாட்டிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினாராம். தேறிவிட்டார்.

முதல்நாள் மாலை கராஜிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு வரும்போது, "என்னம்மா கேட்டனீ?" என்றேன்.

"நான் கேக்கேல்லை அப்பா. பக்கத்தில இருந்தவர்தான் கேட்டவர்."

அதற்குப் பிறகு இருட்டினால் நான் அந்தக் கராஜுக்குப் போனதில்லை. ஆனாலும், நாங்கள் யாரும் பார்த்திராத அந்த மாலையில், என் பிள்ளையின் முகமூடி நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் அந்த மனிதர் நெருப்பைத் தொட்டிருக்கிறார்.