கராஜ் தண்டனையை ரத்து செய்யக் கோரி

சீக்டோவாகா, பஃபலோ அருகில்
செப்டம்பர், செவ்வாய்க்கிழமை காலை

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அக்கா ஜெனிவீவுக்கு,

தம்பி காஸிமிர் பணிவோடு எழுதிக்கொள்வது. நானும் டொலோரஸும் சௌக்கியம். மகள் ப்ரெண்டாவும் மாப்பிள்ளை கர்ட்டும் சௌக்கியம். என் மைத்துனன் நார்பர்ட்டும் சௌக்கியமாகத்தான் இருக்கிறான், அதற்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. உன் புது முழங்கால் எப்படி இருக்கிறது? அரிசோனா வெயிலில் அது துருப்பிடிக்காது என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய், படித்து நிம்மதி அடைந்தோம். இங்கே தக்காளி நன்றாகக் காய்த்தது, பனி இன்னும் வரவில்லை, அமெரிக்க ஃபுட்பால் சீசன் ஆரம்பித்துவிட்டது.

நிற்க. இதை நீ கடிதமாக எடுத்துக்கொள்ளாமல் விண்ணப்பமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், சீசனின் முதல் ஞாயிற்றுக்கிழமை, நீ எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாய். நான் சூப் கிண்ணத்தோடு அடுப்படியிலிருந்து ஹாலுக்குள் வந்தேன். அதே நொடியில் நம் ஆள் உதைத்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது. நீ டிவியைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தாய். "காஸ், நீ கொஞ்ச நேரம் கராஜுக்குப் போ" என்றாய். போனேன். கால் மணி நேரத்தில் நம் டீம் ஜெயித்துவிட்டது. "பாத்தீங்களா, இவன் பாத்தாத்தான் தோக்குது" என்று நீ சொன்னது கராஜ் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அன்றைக்குப் போனவன்தான் அக்கா. நீ அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டாய், உன் தீர்ப்பு இங்கேயே தங்கிவிட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் நான் புல் வெட்டும் மெஷினுக்கும் பனி வாரும் மண்வெட்டிக்கும் நடுவில்தான். நம் டீம் பாயின்ட் எடுத்தால் டொலோரஸ் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள், எதிராளி எடுத்தால் ஒரு தட்டு. கை சும்மா இருக்கவேண்டாம் என்று பறவைக் கூடு செய்ய ஆரம்பித்தேன். இதுவரை நாற்பத்தொன்று செய்திருக்கிறேன், எங்கள் தெருவில் குருவிக்குக்கூட இரண்டு வீடு இருக்கிறது. மேட்ச் எப்படிப்பா இருந்தது என்று யாராவது கேட்டால், கூரை கொஞ்சம் கோணலாகிவிட்டது என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

வீட்டோடு போயிருந்தாலும் பரவாயில்லை. விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது. சீசன் முதல் ஞாயிறு பூசைக்குப் பாதிக் கோயில் டீம் சட்டையோடு வரும், பாதிரியாரும் பிரசங்கத்தை நாலு நிமிஷத்தில் முடிப்பார், உனக்குத் தெரியாததில்லை. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரம் வரும்போது என் முன்வரிசைக்காரர்கள் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்கிறார்கள். "தப்பா எடுத்துக்காதீங்க காஸ், திங்கக்கெழம வந்து கை கொடுக்கறேன்" என்றார் ஒருவர். திங்கட்கிழமை அவர் வரத்தான் செய்தார், அதையும் சொல்ல வேண்டும்.

இந்த ஜூன் மாதம் நான் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றேன் அல்லவா, அதிலிருந்து ப்ரெண்டாவுக்கு என்மேல் ஒரு பரிதாபம். போன வியாழக்கிழமை அடுப்படியில் நாலு பேரும் கூடிப் பேசினார்கள். நான் பாதாள அறைப் படிக்கட்டில் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்று எழுதினாலும் சரிதான்.

"அப்பாவுக்கு எழுபத்தோரு வயசாச்சும்மா. ஒரு தடவை நம்மகூட உக்காந்து பாத்தாத்தான் என்ன கொறஞ்சு போயிடும்?" என்றாள் ப்ரெண்டா.

"என்ன கொறையுமா? ஏழு பாயின்ட் கொறையும்" என்றான் நார்பர்ட். "சீசனோட முதல் மேட்ச்சும்மா. இதுல போயா சோதிச்சுப் பாக்கறது? ஆகஸ்ட்ல நடந்த பயிற்சி மேட்ச்சுக்குக் கேட்டிருந்தா நானே அத்தானைத் தூக்கிட்டு வந்து சோபாவுல உக்கார வச்சிருப்பேன்."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" இது டொலோரஸ்.

"நல்ல வார்த்தை எங்கிட்ட நெறைய இருக்குக்கா. டீம் ஜெயிச்சதும் சொல்றேன்."

அப்போது கர்ட், "நான் ஒண்ணு சொல்லட்டுமா" என்று ஆரம்பித்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவன் அப்படி ஆரம்பித்தது இரண்டாவது தடவை. அதற்கப்புறம் குரல்கள் தாழ்ந்துவிட்டன, ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டொலோரஸ் படிக்கட்டுக் கதவைத் திறந்தாள். நான் அங்கே நிற்பதைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவும் இல்லை.

"ஏங்க, ஞாயித்துக்கெழம நீங்களும் உள்ளயே உக்காந்து பாருங்க" என்றாள்.

நான் அப்போதே மேலே போய் டீம் சட்டையைத் தேட ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெளியூர் மேட்ச், ஒரு மணிக்கு ஆரம்பம். பன்னிரண்டரைக்கு நான் சட்டை போட்டுக்கொண்டு சோபா ஓரத்தில் தயாராக உட்கார்ந்தேன். டொலோரஸ் வந்து, அந்த ஊரில் மின்னலாம், மேட்ச்சை நாலேகாலுக்குத் தள்ளி வைத்துவிட்டார்களாம், அதற்குள் ஐஸ் வாங்கி வந்துவிடுங்கள் என்றாள். கிளம்பினேன். கார் ரேடியோவைக் கர்ட் காலையிலேயே ரிப்பேர் என்று கழற்றி வைத்திருந்தான், என் போனை டொலோரஸ் சார்ஜில் போட்டிருந்தாள், ஆகவே தனியாகப் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். ஐஸோடு வந்தால், கோழி விங்ஸ் வாங்க மறந்துவிட்டோம், பக்கத்துக் கடை வேண்டாம், டோனவாண்டா கடைதான் வேண்டும் என்றார்கள். அது அரை மணி நேர ஓட்டம். அந்தக் கடைக்காரனுக்கும் என்னைத் தெரியும், "காஸ், உள்ள வராத, நீ கார்லயே இரு, நான் கொண்டாந்து தர்றேன்" என்று வாசலிலேயே மறித்துவிட்டான். விங்ஸோடு வந்தால், அதோடு கடித்துக்கொள்ளும் செலரித் தண்டு இல்லையாம். செலரியோடு வந்தால், முதலில் வாங்கிய ஐஸ் உருகிவிட்டதாம், மறுபடி ஐஸ். வாசலைத் தாண்டி ஒரு தடவைகூட என்னை உள்ளே விடவில்லை. ஒவ்வொரு தடவையும் ப்ரெண்டா கதவை இரண்டு விரல் அளவு திறந்து, "அப்பா, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்பாள். அவள் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. பாவம், அடுப்படியில் அவ்வளவு வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலேகாலுக்கு என்னைச் சோபாவின் நடுவில் உட்கார வைத்தார்கள். நடுவில், அக்கா. ஒரு பக்கம் டொலோரஸ், ஒரு பக்கம் ப்ரெண்டா, நாற்காலியில் நார்பர்ட், ரிமோட்டோடு கர்ட். மடியில் விங்ஸ் தட்டு. எனக்குச் சுவரில் யாரும் தட்ட வேண்டியிருக்கவில்லை.

நீ அங்கே பார்த்தாயோ என்னவோ, இந்த வருஷம் ஒளிபரப்பு ரொம்ப முன்னேறிவிட்டது. விளம்பரமே இல்லை. விளம்பரம் வரும்போலிருந்தால் படம் விர்ரென்று ஓடி அடுத்த ஆட்டத்துக்கு வந்துவிடுகிறது. கேட்டதற்கு, "இப்பல்லாம் அப்படித்தான் மாமா, நேரத்த மிச்சம் பண்றாங்க" என்றான் கர்ட். நம் வீட்டு ஆட்களும் முன்னேறியிருக்கிறார்கள். மூன்றாம் கால் பகுதியில் எதிராளி இரண்டு தடவை அடுத்தடுத்து அடித்தபோது என் கையிலிருந்த எலும்பு கீழே விழுந்துவிட்டது (நாலு கால் பகுதி இருக்கும் ஆட்டத்தை நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்). ப்ரெண்டா பதறவே இல்லை. "விடுங்கப்பா, இன்னும் பத்து நிமிஷத்துல நாம அடிச்சிருவோம்" என்றாள். ஒன்பதாவது நிமிஷம் அடித்தோம். அவளுக்கு ஆட்டம் இவ்வளவு புரியும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து நிதானமாகப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். உயிர் போகிற நேரத்தில் ஒரு மனிதர் புல் வெட்டுகிறாரே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. நார்பர்ட்டோ உணர்ச்சிவசப்பட்டு, சில சமயம் ஆள் பந்தைப் பிடிப்பதற்கு முன்பே "ஆ, பிடிச்சுட்டான்" என்பான், ப்ரெண்டா அவன் காலை மிதிப்பாள். அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு.

கடைசியில் ஏழு விநாடி, நாம் இரண்டு பாயின்ட் பின்னால். நாற்பத்தெட்டு கஜ தூரத்திலிருந்து உதைத்தால் மூன்று பாயின்ட். இருபத்தாறு வருஷத்துக்கு முன் போனதும் இதே மாதிரி ஓர் உதைதான். நான் எழுந்து, "நான் கராஜுக்குப் போயிடறேன்" என்றேன். பொய் சொல்லவில்லை அக்கா, கால் தானாகக் கதவுப் பக்கம் திரும்பிவிட்டது. டொலோரஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"உக்காருங்க. எங்கயும் போகவேணாம்."

"தோத்துட்டா?"

"தோத்தாலும் இங்கயே உக்காந்து தோக்கலாம்" என்றாள்.

பந்து கம்பங்களுக்கு நடுவில் போனது. சுத்தமாக நடுவில். நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது, விங்ஸ் தட்டு கம்பளத்தில் கிடந்தது, டொலோரஸ் ஒரு வார்த்தை திட்டவில்லை. திரும்பிப் பார்த்தால் நாலு பேரும் டிவியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நார்பர்ட் மூக்கைச் சிந்தினான். "எங்கிட்ட இருந்த நல்ல வார்த்தை எல்லாம் இப்ப மறந்துபோச்சு அத்தான்" என்றான்.

ஆகவே அக்கா, நான் பார்த்தேன், டீமும் ஜெயித்தது, நாலு சாட்சிகள் இருக்கிறார்கள். தீர்ப்பு சொன்னவள் நீ, அதை மாற்றும் அதிகாரமும் உனக்குத்தான் என்று நார்பர்ட் சட்டம் பேசுகிறான். தயவுசெய்து உன் கைப்பட இரண்டு வரி எழுதி அனுப்பு, "காஸிமிர் இனி ஹாலில் உட்காரலாம்" என்று. அதைக் கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுவதாக இருக்கிறேன். நாற்பத்திரண்டாவது பறவைக் கூட்டை உனக்கே அனுப்புகிறேன், அரிசோனாவில் என்ன பறவை இருக்கிறதோ அது குடியிருக்கட்டும்.

உன் முழங்காலுக்கும் மற்ற முழங்காலுக்கும் எங்கள் எல்லோருடைய ஜெபங்களும். அந்தோனியார் உன்னைக் காக்கட்டும், உன் வீட்டு ஏசி மெஷினையும் காக்கட்டும். டொலோரஸ் முத்தம் சொல்லச் சொன்னாள், ப்ரெண்டாவும் கர்ட்டும் அன்பு சொல்லச் சொன்னார்கள், நார்பர்ட் உள்ளே இல்லை, அவன் பங்குக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
விடுதலையை எதிர்பார்த்திருக்கும் உன் தம்பி
காஸிமிர்

பின்குறிப்பு: மேலே உள்ளதை டொலோரஸ் வாசித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கவரை ஒட்டிக் கொடுத்தாள். தபாலாபீஸில் அதைக் கிழித்துவிட்டு வேறு கவர் வாங்கி, இந்தத் தாளை மட்டும் நின்றபடியே எழுதிச் சேர்க்கிறேன். விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அக்கா. இரண்டு வரி எழுதி அனுப்பிவிடாதே.

எந்த ஊரிலும் மின்னல் இல்லை. மேட்ச் ஒரு மணிக்கே ஆரம்பித்து நாலு மணிக்கு முடிந்துவிட்டது. என்னை ஐஸுக்கும் செலரிக்கும் விரட்டிவிட்டு அவர்கள் நாலு பேரும் நேரலையில் பார்த்தார்கள், பதிவும் செய்துகொண்டார்கள். ஜெயித்தது தெரிந்த பிறகு எனக்குப் போட்டுக் காட்டியது அந்தப் பதிவைத்தான். தோற்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ, மின்னலில் மைதானமே போய்விட்டது என்று சொல்லியிருப்பார்கள்.

இது எனக்கு வீட்டுக்குள் நுழையும் முன்பே தெரியும். இரண்டாவது தடவை ஐஸ் வாங்கியபோது, கடை வாசலில் முகமெல்லாம் நம் டீமின் நீலமும் சிவப்பும் பூசிய ஓர் இளைஞன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, "கடைசி உதையில ஜெயிச்சுட்டோம் தாத்தா" என்றான். நான் யார் என்று தெரியாததால்தான் தொட்டான். காரில் உட்கார்ந்து பத்து நிமிஷம் அழுதேன். முதலில் வந்தது கோபம். பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அந்த நாலு பேரும் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, ஏற்கெனவே பார்த்து முடித்த மேட்ச்சை எனக்காக மறுபடி முதலிலிருந்து பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். நார்பர்ட்கூட. எனக்கு இந்த இருபத்தாறு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷம் வந்ததே இல்லை. நானும் என்னால் முடிந்த மட்டும் நடித்தேன். கராஜுக்குப் போகிறேன் என்று எழுந்தது என் சொந்தக் கற்பனை, அதற்கு டொலோரஸ் சொன்ன பதில் மட்டும் நடிப்பில்லை என்று நினைக்கிறேன்.

ஏன் உண்மையைச் சொல்லி உரிமை கேட்கவில்லை என்று கேட்பாய். போன ஜனவரியில், தோற்றால் சீசன் முடிந்தது என்ற மேட்ச்சின்போது, கராஜில் ஒரு குட்டி ரேடியோவைக் காதில் சொருகிக்கொண்டு கடைசி மூன்று நிமிஷம் திருட்டுத்தனமாகக் கேட்டேன். ஒரு பாயின்ட்டில் தோற்றோம். டொலோரஸிடம் சொல்லத் தைரியமில்லை. பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்டேன், கூண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து "அப்ப அது நீங்கதானா?" என்றார்.

நீ அன்றைக்குச் சொன்னது சரிதான் அக்கா. அடுத்த ஞாயிறும் ஒரு மணிக்கு மேட்ச். பன்னிரண்டரைக்கு நானே எழுந்து, வீட்டில் ஐஸ் இருக்கிறதா என்று கேட்கப்போகிறேன்.