கொட்டாவி மாஸ்டரும் என் லைசென்சும்

மலேசியாவின் ஈப்போ நகரில் என்னை அதிகமாக அவமானப்படுத்திய ஆள் யார் என்று கேட்டால், யோசிக்காமல் கொட்டாவி மாஸ்டர் என்பேன். என் மாமியார்கூட அவருக்கு அப்புறம்தான்.

நானாக ஆசைப்பட்டுப் போய் அவரிடம் மாட்டவில்லை. லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி. கொழுந்தனார்தான் எங்கள் காரில் கூட்டிப்போவார். போகிற வழியெல்லாம் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வார். ஒரு நாள் வரவே இல்லை. வாசலில் சட்டை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்த மனிதரை நான்தான் உள்ளே கூட்டிவந்தேன். அன்றைக்கே முடிவு செய்தேன், ஐம்பத்தொரு வயதானால் என்ன, காரை நானே ஓட்டுவது என்று.

பழைய ரப்பர் எஸ்டேட் நிலத்தில் போட்ட கார்ப் பயிற்சித் திடலுக்குப் போனேன். ஓரத்தில் இன்னும் நாலைந்து ரப்பர் மரம் நிற்கிறது. அங்கே கஞ்சில் என்கிற ஒரு பழைய குட்டிக் காரில் சாய்ந்துகொண்டு வாயைப் பிளந்து நின்றார் மாஸ்டர். ஆயர் தாவார் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, என் கடைசித் தம்பி வயதுதான் இருக்கும். ராத்திரி தூங்கவில்லை போல என்று பாவப்பட்டேன்.

"அக்கா, சாவி அப்புறம். முதல்ல ஒரு கொட்டாவி விடுங்க."

"என்னாது?"

"கொட்டாவிலா அக்கா. தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறி நிக்கிது பாருங்க. இப்படி தக்குட்டா, பயந்துக்கிட்டு உட்கார்ந்தா கார் எப்படி உங்க பேச்சைக் கேக்கும்?"

பயத்தை மூளையிடம் பேசித் தீர்க்க முடியாதாம். உடம்பைத் தளர்த்தினால் மனசு தானாக அடங்குமாம். தாடையைத் தொங்கவிடு, தோளை இறக்கு, சுடுகாப்பியை ஊதுவது போல மெதுவாக மூச்சை விடு, ஈரக்கையை உதறுவது போல உதறு. செருப்பைக் கழற்றச் சொல்லிப் புல்லில் நிறுத்திவிட்டுக் கேட்கிறார்:

"உள்ளங்கால் எங்க இருக்குன்னு தெரியுதா அக்கா?"

"காலுக்கு அடியிலதான் இருக்கு, வேற எங்க போகும்?"

முதல் நாள் முழுக்கக் காரின் சக்கரம் நகரவில்லை. கார் ஓட்டப் பழக வந்தேனா, கை உதறப் பழக வந்தேனா, நீங்களே சொல்லுங்கள்!

ரோட்டுக்கு வந்ததும் கொடுமை இன்னும் கூடியது. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் நெஞ்சு அதிர 'ம்ம்ம்' என்று முனக வேண்டும். புந்தோங் சாலைச் சந்திப்பில் நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடியை இறக்கிவிட்டு முனகிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால், பக்கத்து மோட்டார் சைக்கிளில் எங்கள் சர்ச் பாடகர் குழுத் தலைவர்! ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் கேட்டார், "சிஸ்டர், வேற சபைக்கு மாறிட்டீங்களா?"

காப்பிக்கடையில் மாஸ்டர் ஒரு கொட்டாவி விட்டால் ஆறு மேசைக்குப் பரவும். ஒரு தடவை காப்பி கலக்குகிற சீன அங்கிளுக்கும் தொற்றி, பாதிக் காப்பி கோப்பைக்கு வெளியே போனது. அவர் கத்தினார். மாஸ்டர் சிரித்தார். துடைத்தது நான்.

லைசென்ஸ் சோதனை நாள் வந்தது. அதே திடலின் மேட்டில் பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி ஏற வேண்டும். எல்லாரும் விழுகிற இடம் அதுதான். கம்பி வேலிக்கு வெளியே முப்பது, நாற்பது இளவட்டங்கள் வேடிக்கை பார்க்கின்றன. அதுகள் முன்னால் வாயைப் பிளக்க எனக்கென்ன பைத்தியமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். பாதி மேட்டில் நிற்கையில் ஓரத்து மரத்தில் ஒரு ரப்பர் காய் 'பட்'டென்று வெடித்தது. என் கால் பதறியது. கார் பின்னால் உருண்டு அடிவாரத்துக்கே வந்து நின்றது.

"அக்கா, கொட்டாவி விட்டீங்களா?"

"யோவ்! எம் புருஷன் அங்க வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. நீ கொட்டாவிங்கிற!"

"அதுக்குத்தான்லா அக்கா கேக்கிறேன்" என்றார் மெதுவாக. அந்த மெதுவான குரல் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

மறுசோதனையில் அதே மேடு. கிளட்சில் என் இடது கால் தையல் மெஷின் மாதிரி ஆடியது. வேலிப்பக்கம் பார்த்தேன். மாஸ்டர் இரண்டு கையையும் உதறிக்கொண்டு, குகை மாதிரி வாயைத் திறந்து நிற்கிறார். அவர் பக்கத்தில் காத்திருந்த வரிசை முழுக்கக் கொட்டாவி! மானம் போனால் போகட்டும் என்று நானும் கண்ணை இடுக்கி ஒன்று விட்டேன். தோள் இறங்கியது, கால் நின்றது. மேட்டோரம் நின்ற அதிகாரி கோப்பால் தன் வாயை மூடிக்கொண்டு, "ஜாலான், காக்", போங்க அக்கா என்று மலாயில் சொல்லிக் கையாட்டினார். கார் ஏறிவிட்டது, லைசென்சும் வந்துவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் அவரை இன்றைக்கும் திட்டிக்கொண்டே இருந்திருப்பேன்.

வீட்டுக்காரரை முதல்முதலாக நான் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். "பிரேக்கு, பிரேக்கு" என்று வழியெல்லாம் கத்தினார். இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டிய மனிதர் இல்லையா! சிவப்பு விளக்கில் நின்றதும் பழக்கதோஷத்தில் நீளமாகக் கொட்டாவி விட்டேன். அவருக்கும் தொற்றியது. அவர் வாய் திறக்கத் திறக்க, ஏழு மாதமாக மடியில் கிடந்த வலது கை, தானாக ஒரு சாண் மேலே எழும்பியது. வாய் மூடியதும் மெதுவாக இறங்கியது.

"ஏய்... பார்த்தியா?" என்றார். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அடிக்கட்டும்!

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், சில பேருக்குக் கொட்டாவியில் இப்படிக் கை எழும்புவது உண்டு, ஆனால் கை திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை, ரொம்ப ஆசை வைக்காதீர்கள் என்றாள். அவள் சொன்னது உண்மைதான். இருந்தாலும் எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போச்சு என்று அவர் தினம் சொல்லிக்கொண்டிருந்த கையை அல்லவா அன்றைக்கு அவரே பார்த்தார்! அதற்குப் பிறகு ஒரு பயிற்சியையும் அவர் தவறவிட்டதில்லை.

ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்திலிருந்தே மாஸ்டருக்குப் போன் அடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"என்னாய்யா, அழுவுறியா?"

"இல்லலா அக்கா. கொட்டாவி விட்டேன். கண்ணுல தண்ணி வந்திருச்சு."

என் கண்ணிலும்தான் வந்தது. நான் கொட்டாவி விடவில்லை.