டிசம்பரில் தீவுக்குப் போக உகந்த நேரம்

பருவமழை என்பது வெறும் மனநிலை. உலகம் இதுவரை அறியாத இந்த உண்மையைக் கண்டறிந்தவர், சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்கூடாயில் சுற்றுலா நிறுவனம் நடத்தும் எங்கள் முதலாளி ரூபேந்திரன். அவரிடம் விளம்பரம் எழுதும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

'ஆண்டிறுதித் தீவுப் பயண உயர்மட்டக் கூட்டம்' அக்டோபரில் கூடியது. உயர்மட்டம் என்றால் அவரும் நானும்.

"டிசம்பர் மழைக்காலம், மெர்சிங்லேர்ந்து போட் ஓடாது பாஸ். தீவுல ரிசார்ட்டையே மூடிருவாங்க," என்றேன்.

"நெகட்டிவ்வா பேசாத லா, பிரவீனா. தெப்ராவ் ஃபேக்டரிக்காரங்களுக்கு எப்ப லீவு?"

"டிசம்பர்."

"அப்ப சீசன் டிசம்பர்தான்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. என் மனம் எண்ணிக்கையில் வரவில்லை. 'கொந்தளிப்பு' என்ற சொல் அலுவலகத்தில் தடைசெய்யப்பட்டது. இனி அது 'உற்சாகமான கடல்'. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

கிளம்பும் நேரம் குறிப்பதில் மட்டும் முதலாளி துளியும் அலட்சியம் காட்டவில்லை. தினசரிக் காலண்டரை மடியில் வைத்து ஆராய்ந்து, சனிக்கிழமை குளிகை ஏழரைக்கு முடிவதால் ஏழு முப்பத்தொன்றுக்குப் பேருந்து புறப்படும் என்று அறிவித்தார். அலை எத்தனை மீட்டர் என்று அந்தக் காலண்டரில் போடுவதில்லை. அது அச்சகத்தின் குறை.

தெப்ராவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தனலெட்சுமி அக்கா போன் செய்தார்.

"தங்கச்சி, வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல வேல. ரெண்டு பேருக்கும் ஒரே வாரத்துல லீவு கெடைக்கிறது இதான் மொத தடவ. பிள்ளைங்க தீவப் பாத்ததே இல்ல. மழ இருக்காதுல்ல?"

'இருக்காது' என்று சொல்லச் சொல்லி முதலாளி எதிரே நின்று தலையாட்டினார்.

"நல்ல நேரம் பாத்துத்தான்க்கா கெளம்புறோம்," என்றேன்.

டிசம்பர் சனிக்கிழமை ஏழு முப்பத்தொன்றுக்குப் பேருந்துச் சக்கரங்கள் எலுமிச்சம்பழங்களை நசுக்கின. வழித்துணை அதிகாரி நான். பத்து மணிக்கு மெர்சிங் படகுத்துறை. கம்பிக்கதவில் பூட்டு, அப்பால் கூரை உயரத்துக்கு 'உற்சாகம்'. காவலாளி ஒரே சொல்லில் முடித்தார்: "துத்தோப்." மூடியாகிவிட்டது. ஜனவரி கடைசியில் வரச் சொன்னார்.

முதலாளிக்குப் போன் செய்தேன்.

"பத்தரை வரைக்கும் ராகு காலம்ல? முடியட்டும், கடல் அடங்கிரும்."

பத்து முப்பத்தொன்றுக்கு மழை வலுத்தது. மறுபடி அழைத்தேன்.

"சரி, கரையிலேர்ந்தே காட்டு. 'கடல் தரிசனம்'னு போட்டோ எடுத்து அனுப்பு. எதிர்பாராத மழைன்னு கஸ்டமருக்கு லெட்டர் ஒண்ணு எழுதிரு."

தனலெட்சுமி அக்காவின் பிள்ளைகள் இருவரும் இடுப்பில் மிதவை வளையத்தோடு கம்பிக்கதவைப் பிடித்து நின்றார்கள். அவர் கணவர் பேருந்திலேயே தூங்கிப்போனார். சிங்கப்பூர் வேலைக்காக ஆண்டு முழுதும் நாலு மணிக்கு எழும் மனிதர்.

"ஒன்ன சொல்லிக் குத்தமில்லம்மா," என்றார் அக்கா. "மழைய யாரு கண்டா. ஆமா, ஒங்க பாஸ் தீவுக்கெல்லாம் போவாரா?"

"வருஷா வருஷம்க்கா. குடும்பத்தோட."

"எப்ப?"

"ஜூன்ல."

அக்கா பிள்ளைகளின் இடுப்பிலிருந்து மிதவை வளையங்களைக் கழற்றினார்.

"ஜூன்ல எங்களுக்கு லீவு இல்லியே."

"தெரியும்க்கா," என்றேன். "தெரிஞ்சுதான் டிசம்பர ஒங்ககிட்ட வித்தோம்."