ஒஸ்டினை யாரும் வாங்கக் கூடாது

ஏலத்துக்கு இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. மாடசாமி ஒஸ்டின் காரின் பொனட்டைத் திறந்து, இரண்டு பிளக் வயர்களை இடம் மாற்றினான்.

தேயிலைத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரத் துரை இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அவருடைய கார் மட்டும் நின்றது.

“விலை போகலன்னா தோட்டமே வச்சுக்கும், நீயும் டிரைவரா இருக்கலாம். போச்சுன்னா உனக்குத் தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திதான்” என்று கிளாக்கர் சிவஞானம் சொல்லியிருந்தார்.

பதினான்கு வருடமாக அவன்தான் அதன் டிரைவர். விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு கேட்கும் முன்பே அவன் எஞ்சினைச் சூடாக்கியிருப்பான். அந்தச் சத்தத்துக்குத்தான் தொழிலாளர் லயத்தில் அடுப்பு மூட்டுவார்கள். இப்போது சாவி கிளாக்கரிடம். ஆனாலும் தினமும் அதே நேரத்துக்குப் போய், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான்.

மறுநாள் காலையில், ஏலத்துக்கு முன், சிவஞானம் காரை ஸ்டார்ட் செய்து பார்த்தார். அது குலுங்கி, இருமி, அடங்கியது.

“என்னடா, ஆஸ்பத்திரி கேஸ் மாதிரி இருமுது?”

“வயசாயிருச்சுங்கையா.”

சிவஞானம் ஆரம்ப விலையைப் பாதியாக்கினார். வேடிக்கை பார்க்க வந்தவர்களெல்லாம் வாங்க வந்தவர்கள் ஆனார்கள்.

மாடசாமி பின் சீட்டுக்கு அடியில் ஒரு பொட்டலம் கருவாட்டைச் செருகினான். நாற்றத்தில் விலை இன்னும் பாதியானது. கூட்டம் இரண்டு மடங்கானது.

பதுளைப் புடவைக்கடை முதலாளி புஹாரி வந்து காரின் கதவைத் தடவினார்.

“இத ஓட்டின மாடசாமி எங்கப்பா?” என்று, ஆளைத் தெரியாமல் அவனிடமே கேட்டார்.

டிரைவரை விசாரித்தால் காரின் அருமை தெரிந்துவிடும் என்று மாடசாமி பயந்தான்.

“போன கப்பல்ல இந்தியாவுக்குப் போயிட்டாருங்க” என்றான்.

தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு அனுப்பிய அந்த வருடங்களில் அதைக் கேட்டு யாரும் மறு கேள்வி கேட்பதில்லை. புஹாரியின் முகம் வாடியது. குடையை விரித்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார்.

ஒரு ஆள் குறைந்தது என்று மாடசாமி மூச்சு விட்டான்.

அப்போதுதான் பண்டாரவளை ஸலீம் வந்தார். பழைய கார்களைக் கழற்றி உதிரிப்பாகம் விற்பவர். கருவாட்டு நாற்றத்துக்கு அவர் மூக்கைக்கூடப் பொத்தவில்லை.

“இது ஓடாதுங்க மொதலாளி” என்றான் மாடசாமி.

“ஓடுற வண்டிய எவன்பா கழட்டுவான்? எனக்கு இதுதான் வேணும்.”

மாடசாமி பொனட்டுக்குப் பாய்ந்தான். “கிளாக்கரையா, கொஞ்சம் இருங்க! ரெண்டே நிமிஷத்துல ஓட வச்சிடுறேன்!”

“இப்பதான் வயசாயிருச்சுன்னே! தள்ளு.”

சிவஞானம் மேசையை மூன்று தரம் தட்டினார். கார் ஸலீமுக்குப் போனது. ஸலீம் ஸ்பானரை எடுத்து, முதல் வேலையாக ஸ்டீயரிங்கைக் கழற்ற ஆரம்பித்தார்.

மாடசாமி வயரைப் பிடித்தபடியே நின்றான்.

“என்ன முதலாளி, நீங்க வாயே தொறக்கலையே?” என்று புஹாரியிடம் கேட்டார் சிவஞானம்.

“எனக்கு ஓட்டத் தெரியா, கிளாக்கர்” என்றார் புஹாரி. “மாடசாமிட பேரு பதுளை வரைக்கும் கேட்ட பேரு. காரோட அவரையும் சேத்துக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். அவர்தான் கப்பலேறிட்டாராமே!”