அக்கினிச்சடையனுக்கு வயிற்றுவலி

ஒரு வில்லனை எங்கள் கோந்து அண்ணன் கெடுத்த மாதிரி இந்த உலகத்தில் வேறு யாரும் கெடுத்திருக்க முடியாது. ஊரைக் கெடுக்கிற வில்லன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வில்லனையே கெடுத்த மனிதரை நான் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து டீயும் குடித்திருக்கிறேன்.

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு மாடி அறையில் ஊதுபத்திக்கு அட்டை டப்பா ஒட்டுவது அவர் வேலை. விடிந்தால் அடைந்தால் மைதாப் பசையில் கை. அந்தக் கை தொட்டது எதுவும் அவரை விட்டு லேசில் போகாது. ஒருமுறை கண்டக்டர் கொடுத்த டிக்கெட் அவர் விரலோடு வீட்டுக்கு வந்து, ராத்திரி சோற்றில் உதிர்ந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் எங்களுக்குத் தெரியாது, நாங்கள் வைத்த பெயர் கோந்து. கொள்ளேகால் பக்கம் ராமாபுரத்துக்காரர், வயது நாற்பத்தைந்து, கல்யாணம் ஆகவில்லை. "எல்லாம் ஒட்டுதுங் தம்பி, பொண்ணு மட்டும் ஒட்ட மாட்டீங்குது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு அந்த மாடியில் கூடுவோம். ஸ்கூட்டர் மெக்கானிக் ரமேஷ், கொத்து மேஸ்திரி துரை, நான். ரமேஷும் நானும் மைசூரிலேயே பிறந்து கன்னடப் பள்ளியில் படித்தவர்கள். கன்னட எழுத்தை ஜிலேபி என்று கேலி செய்கிற தமிழர்கள் உண்டு. எங்களுக்குத் தமிழ்தான் ஜிலேபி. துரைக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து மாதாமாதம் பஸ்ஸில் வந்து இறங்கும் ஒரு மாயாஜாலப் படக்கதையைக் கோந்து உரக்கப் படிப்பார், நாங்கள் கேட்போம். மற்ற ஞாயிறுகளில் அதைப் பற்றிச் சண்டை போடுவோம்.

படிக்கிற முறையே தனி. அட்டைமேல் செய்தித்தாளைச் சுற்றி, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். படம் காட்டமாட்டார். "படம் பாத்தா கதை காதுல ஏறாதுங்க." ரொம்ப அடம்பிடித்தால் இளவரசன் குதிரை ஏறுகிற படத்தை மட்டும் காட்டுவார். நடுவில் நாலைந்து பக்கங்கள் எப்போதும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கேட்டால், "என் கை ராசி அப்படி" என்பார்.

கதையில் வில்லன் பெயர் அக்கினிச்சடையன். தலைமுடிக்குப் பதில் நெருப்பு எரியும். மூன்று லோகமும் நடுங்கும் என்று முதல் பக்கத்தில் சொல்வார்கள். ஆனால் அந்த மகானுபாவன் ஒரு வைக்கோல் போரைக்கூடக் கொளுத்தியதில்லை. படையோடு ஒரு ஊருக்கு வருவான். வந்ததும் வயிற்றுவலி. சுருண்டு உட்கார்ந்துவிடுவான். ஊர்ப்பெண்கள் சீரகத் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்துவிட்டு, "பாவம், பொழச்சுப் போங்க" என்று குதிரையைத் திருப்புவான். மாதத்துக்கு ஒரு ஊர், மாதத்துக்கு ஒரு வயிற்றுவலி.

ரமேஷுக்கு ரத்தம் கொதிக்கும். கொதித்தால் பேச்சில் கன்னடமும் கலக்கும். "ஏனண்ணா இது? இவன் வில்லனா, இல்ல பேஷண்டா? தலையில அவ்வளவு நெருப்பு இருக்கு, ஒரு பீடி பத்த வைக்கக்கூட உதவல!"

"வில்லன்னா மனுசன் இல்லீங்களா? அவனுக்கு வவுறு இல்லீங்களா?" என்பார் கோந்து.

"சும்னே பேசாதீங்க! வில்லன் சோப்ளாங்கியா இருந்தா இளவரசன் யாரை அடிச்சுப் பெரிய ஆள் ஆவான்?"

நான் ரமேஷ் கட்சி. வில்லன் வேண்டுமென்றே நடிக்கிறான், கடைசியில் சுயரூபம் காட்டுவான் என்று நானே ஒரு சித்தாந்தம் கண்டுபிடித்து, அதையும் ஏழெட்டு மாதம் ஓட்டினேன்.

துரை மட்டும் எந்தக் கட்சியிலும் சேரமாட்டார். காவிரித் தண்ணீருக்காகக் கலவரம் வந்தபோது அவர் பெங்களூர்ப் பக்கம் ஒரு கட்டட வேலையில் இருந்தார். குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். யார் வைத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவருடைய அம்மாவுக்கு நடக்க முடியாது. துரை கடைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது அம்மா இல்லை, அம்மா என்று சொல்லி அள்ளிக்கொள்ளவும் எதுவும் மிஞ்சவில்லை. அவரைத் தன் லாரியில் படுக்கவைத்து, மேலே கோணியைப் போட்டு மூடி, மைசூரில் கொண்டுவந்து இறக்கியவர் ஒரு கன்னட கான்ட்ராக்டர். அதன்பிறகு துரை பேசுவதே குறைந்துவிட்டது. வாரம் பூராவும் வாய் திறக்காத மனிதர், வில்லனுக்கு வயிற்றுவலி என்றதும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். ஏன் சிரிக்கிறார் என்று நான் யோசிக்கவே இல்லை. இருபத்திரண்டு வயதில் என் மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

பொறுக்க முடியாமல் பத்திரிகை ஆசிரியருக்கே புகார்க் கடிதம் போடுவதென்று தீர்மானித்தோம். "செத்த பாம்பை அடிக்க எதற்கு ஒரு இளவரசன்?" என்று ரமேஷ் ஆவேசமாகச் சொல்லச் சொல்ல, எழுதியவர் யார் என்கிறீர்கள்? கோந்துதான். எங்களில் தமிழ் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே! ஒரு சொல் விடாமல் எழுதி, மடித்து, தன் கையாலேயே ஒட்டி எடுத்துப் போனார். அடுத்த இதழில் பதில் வந்திருப்பதாக எங்களுக்கு வாசித்தும் காட்டினார். "அன்பு வாசகர்களே, வில்லனின் உடல்நிலையை முன்னிட்டுப் பொறுத்தருள வேண்டுகிறோம்."

ரமேஷ் நம்பினான். எனக்குச் சந்தேகம் தட்டியது. இந்த ஆளை ஒருநாள் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று கறுவிக்கொண்டு தமிழ் எழுத்துப் படிக்க ஆரம்பித்தேன். சத்தியமங்கலம், ஈரோடு என்று பஸ் போர்டுகளை எழுத்துக் கூட்டி, சுவரொட்டிகளை முணுமுணுத்து, நாலு மாதத்தில் தட்டுத்தடுமாறி வாசிக்க வந்துவிட்டது. அடுத்த இதழ் பஸ் ஸ்டாண்டுக் கடைக்கு வந்த அன்றே, கோந்துவை முந்திக்கொண்டு நான் வாங்கினேன்.

ஞாயிறு. "இந்த மாசம் நான் படிக்கிறேன்" என்றேன்.

கோந்துவின் முகம் வெளுத்துவிட்டது. "தம்பி, அதை இப்படிக் குடுங்க. சொன்னாக் கேளுங்க."

"பதினேழு மாசம் ஏமாத்தினது போதும்ணா."

மூன்று பக்கம் படிப்பதற்குள் ரமேஷ் குறட்டை விட ஆரம்பித்தான். என் வாசிப்பின் அழகு அப்படி. நாலாவது பக்கத்தைப் புரட்டினேன். பக்கம் முழுக்க ஒரே படம். ஒரு ஊரே எரிந்துகொண்டிருந்தது. குடிசைக் கதவுகளை வெளியே தாழிட்டிருந்தார்கள். ஒரு சன்னல் கம்பியைக் கிழவி ஒருத்தியின் கை பிடித்திருந்தது. அக்கினிச்சடையன் சிரித்துக்கொண்டு நின்றான். அவன் வாய்க்கு மேலே பெரிய எழுத்தில், ஒரு உயிர்கூடத் தப்பக் கூடாது.

நிமிர்ந்து பார்த்தேன். துரை முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"இந்த வாட்டி அவனுக்கு என்ன ஆச்சு தம்பி?" என்றார், சிரிக்கத் தயாராக.

அவருக்குப் பின்னால் கோந்து நின்றுகொண்டு, பசை காய்ந்த இரண்டு கைகளையும் என்னைப் பார்த்துக் கூப்பினார். அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"தீப்பந்தத்தோட வந்தானா..." என்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. "வந்தவனுக்கு... தும்மல்."

"தும்மலா?"

"பெரிய தும்மல். பந்தம் அணைஞ்சு போச்சு. ஊர்க்காரங்ககிட்டயே தீப்பெட்டி கேட்டான். அவங்க இல்லேன்னுட்டாங்க."

ரமேஷ் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தான். "தலையிலதான் எரியுதே! அதுல பத்த வெச்சுக்க வேண்டியதுதானே?"

எனக்கு வியர்த்துவிட்டது. "அதுவும் தும்மல்ல அணைஞ்சிருச்சுடா. மொட்டைத் தலையோட நிக்கறான்."

"தூ! இவனெல்லாம் ஒரு வில்லன்!" என்று மறுபடி படுத்துக்கொண்டான் ரமேஷ். துரை கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

படியிறங்கும்போது கோந்து என் தோளைத் தொட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"தும்மல் எனக்குத் தோணவே இல்லீங் தம்பி. இத்தனை மாசமா வவுத்துவலிய வெச்சே ஓட்டிட்டனே" என்றார். நான் தலை நிமிரவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

தொண்ணூற்றேழில் கோந்துவுக்கு மஞ்சள்காமாலை கண்டது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனார். ராமாபுரத்துக்குச் சொல்லியனுப்பியும் யாரும் வரவில்லை. சுடுகாட்டில், "கொள்ளி யாருப்பா வைக்கறது?" என்று கேட்டார்கள். துரை சட்டையைக் கழற்றினார்.

நான் பதறிப்போய், "அண்ணே, உங்களுக்கு வேணாம். நான் வைக்கிறேன்" என்றேன்.

"பெத்தவளுக்குத்தான் வெக்கக் குடுத்து வெக்கல. இவருக்கு நான்தான் வெப்பேன்" என்றார். கொள்ளியை வாங்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பொஸ்தகம் பஸ் ஸ்டாண்டுக் கடையில தொங்கும் தம்பி. சில மாசம் அட்டையிலயே ஊரு எரிஞ்சுகிட்டிருக்கும். நான் பாத்திருக்கேன். மாசாமாசம் இந்த மனுசன் எனக்காக அதை அணைச்சாரு."

கண்ணை எடுக்காமல் கொள்ளி வைத்தார். நான்தான் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கூடப்பிறந்தவன் செத்திருந்தால்கூட அன்றைக்கு அப்படி அழுதிருப்பேனா, தெரியாது.